பாலாற்று மணலில் விமானத்தை இறக்கலாமா?

சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. லீவில் வேலூருக்கு வந்தால் சித்தப்பா தவறாமல் கேட்பார்: "ஏன்டா, எஞ்சின் நின்னுபோனா நம்ம பாலாத்துல இறக்கிட வேண்டியதுதானே? எவ்ளோ அகலமா கெடக்குது!" என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

எஞ்சின் நின்றதும் விமானம் கல்லாட்டம் விழுந்துவிடாது. செஸ்னா 172 என்கிற சின்ன விமானம், ஆயிரம் அடி உயரம் இறங்குவதற்குள் சுமார் 9,000 அடி தூரம் மிதந்து போகும். இடம் தேட நேரம் உண்டு. ஆனால் மேலிருந்து எல்லாமே சமதரையாகத்தான் தெரியும். மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் வரப்பு தெரியாது. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு கடைசி நேரத்தில்தான் தெரியும். மின்கம்பி கண்ணிலேயே படாது. கம்பத்தைத் தேடு என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.

சித்தப்பாவை ஒருநாள் மணலில் நடக்கச் சொன்னேன். குதிகால் புதைந்தது. ஒரு டன் எடை, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மூக்குச் சக்கரத்தை அதே மணலில் ஊன்றினால்? சக்கரம் புதையும், வால் எழும்பும், விமானம் மல்லாக்கக் கவிழும். அலாஸ்காவில் ஆற்றோரக் கூழாங்கல்லில் இறங்குகிறார்களே என்பார்கள். அங்கே பெரிய, காற்றுக் குறைத்த டயர்கள். பல விமானங்களில் மூன்றாவது சக்கரம் மூக்கில் இல்லை, வாலில். அப்படியும் கவிழ்கின்றன.

கவிழ்ந்த விமானத்துக்கு முதலில் ஓடிவருவது பக்கத்துக் கொல்லைக்காரர்தான். அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. உள்ளே இருப்பவர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பார். பதற்றத்தில் பெல்ட்டை அறுத்தால் மொத்த உடம்பும் கழுத்தில் இறங்கும். தோளையும் இடுப்பையும் ரெண்டு பேர் தாங்கிப் பிடித்த பிறகுதான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இறக்கையிலிருந்து பெட்ரோல் சொட்டும், பீடியோடு யாரும் கிட்டே வரக்கூடாது. அப்புறம், விமானத்தின் மூக்கில் நின்றுபோன விசிறியையும் தொடாதீர்கள். சாவி அணைக்காமல் இருந்தால், கையால் லேசாகத் திருப்பினாலே எஞ்சின் உதைத்துச் சுற்றிவிடும்.

112-க்குப் பேசும்போது உள்ளே எத்தனை பேர் என்று சொல்லுங்கள். ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள். கொல்லைக்குள் ஆம்புலன்ஸ் நுழையும் வண்டிப்பாதை ஊர்க்காரருக்கு மட்டும்தான் தெரியும்.