மல்லிகை ஏன் இளஞ்சிவப்பானது?

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில், காலை வெயில் மல்லிகைக் குவியலின் ஓரத்தில் விழுந்த நேரத்தில் ஒரு படம் எடுத்தேன். ரா கோப்பாகத்தான், அதாவது கேமரா பதிந்த அளவுகளை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாகத்தான், பதிவு செய்திருந்தேன். வீட்டில் திறந்து பார்த்தால், ஒரு மென்பொருளில் பூ வெள்ளையாக இருந்தது. இன்னொன்றில் வெயில் பட்ட மொட்டுகள் மட்டும் அரளிப்பூவின் நிறத்தில் இருந்தன. கோப்பு ஒன்றுதான். பிறகு எங்கிருந்து வந்தது அந்த நிறம்?

கேமராவில் ஒளியை உணரும் சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை மட்டுமே எண்ணும். நிறம் பிரிப்பதற்காக அவற்றின் மேல் வண்ண வடிகட்டிகள் பதித்திருக்கிறார்கள்: நான்கு பிக்சல்களில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயரின் இந்த அமைப்புக்கு 1976இல் காப்புரிமை கிடைத்தது. பெரும்பாலான கேமராக்களில் இன்றும் இதுதான். ஆகவே ரா கோப்பில் ஒரு பிக்சலுக்கு ஒரு நிறத்தின் அளவே உண்டு. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் கணிக்கிறது. புள்ளி ஒன்றாக இருந்தும் வாசலுக்கு வாசல் சிக்குக்கோலத்தின் இழை மாறுவதுபோல, இந்தக் கணிப்பும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தைத் தொலைவிலிருந்து எடுத்துப் பாருங்கள். நெருக்கமான சுதைச் சிற்பங்களின் விளிம்புகளில் இல்லாத நிறப்பொட்டுகள் தோன்றினால், கணிப்பு தவறியிருக்கிறது என்று பொருள். ரா கோப்பைத் திறக்கும் மென்பொருள்களில் ராதெரபியும் டார்க்டேபிளும் கணிப்பு முறைகளைப் பட்டியலிட்டு நம்மையே தேர்ந்தெடுக்க விடுகின்றன. லைட்ரூம் பெரும்பாலும் தானே முடிவு செய்துகொள்கிறது.

இனி மல்லிகை. 14 பிட் கோப்பில் ஒரு பிக்சல் சொல்லக்கூடிய மிகப் பெரிய எண் 16383. பகல் வெளிச்சத்தில் பச்சைப் பிக்சல்களே முதலில் நிரம்பும். ஒரு மொட்டில் பச்சை 16383இல் முட்டி நின்றுவிட்டது, சிவப்பு 9000, நீலம் 12000 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட மென்பொருள் சிவப்பை 2ஆலும் நீலத்தை 1.5ஆலும் பெருக்குகிறது. இரண்டும் 18000 ஆகின்றன. பச்சையும் 18000 இருந்திருக்க வேண்டும். பாத்திரம் நிரம்பி வழிந்ததால் 16383இலேயே நிற்கிறது. பச்சை குறைந்த வெள்ளை இளஞ்சிவப்புதான். நிரம்பாத இரண்டு நிறங்களையும் சுற்றியுள்ள இதழ்களையும் பார்த்து, விடுபட்ட பச்சையை ஊகித்து நிரப்பும் மென்பொருளில் பூ வெள்ளையாகிறது. ஒளிமிகு பகுதியை மீட்கும் இந்த வேலைக்கு டார்க்டேபிளில் தனிக் கருவியே இருக்கிறது. அதற்குள்ளும் பல முறைகள் உண்டு. ஒரு மென்பொருளின் தரத்தை நான் முதலில் இங்கேதான் சோதிப்பேன்.

"இதில் கலர் நன்றாக வருகிறது" என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் வேறு விஷயம். சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. சுழியிலிருந்து 16383 வரையிலான 16384 படிகளில் சரிபாதி, மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப்புக்கு (ஒளி இருமடங்காகும் இடைவெளிக்கு) போய்விடும். நாயக்கர் மகாலின் திறந்த முற்றத்து வெயிலையும் தூண்களுக்குப் பின்னுள்ள இருட்டையும் ஒரே படத்தில் காட்ட, அந்த எண்களை ஒரு வளைகோட்டின்படி மாற்றி அடுக்க வேண்டும். லைட்ரூமும் கேப்சர் ஒன்னும் திறந்தவுடனே தங்கள் வளைகோட்டையும் வண்ணச் சுவையையும் சேர்த்துவிடுகின்றன. டார்க்டேபிளில் படம் முதலில் சற்று மங்கலாகத் தெரியலாம். மீதி முடிவு நம் கையில். முதல் பார்வையை வைத்து இவற்றை ஒப்பிடுவது நியாயமில்லை.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் விடியற்காலைப் படங்களுக்கு வேறு கவலை. வெளிச்சம் போதாமல் கேமராவின் ஒளியுணர்வை உயர்த்தி ஐஎஸ்ஓ 6400இல் எடுத்தால் பட்டின் மடிப்பெல்லாம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். பயிற்சி பெற்ற நரம்பு வலையமைப்புகளை, அதாவது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இதைத் துடைப்பதில் டிஎக்ஸ்ஓ போட்டோலேபும் லைட்ரூமும் முன்னே நிற்கின்றன. அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஆனால் கூட்டத்தில் தொலைவில் நிற்பவரின் முகம் மெழுகாகிவிடாதபடி, துடைக்கும் அளவை நான் எப்போதும் பாதிக்குக் கீழேயே வைக்கிறேன்.

லைட்ரூமுக்குச் சந்தா கட்ட வேண்டும். டார்க்டேபிளும் ராதெரபியும் இலவசம். படிக்கும் பிள்ளைகளுக்கு இவற்றையே சொல்வேன். எதிலும் மூலக் கோப்பு மாறுவதில்லை. திருத்தங்கள் தனியாகப் பதிவாகின்றன. ஒன்றின் திருத்தத்தை இன்னொன்று முழுமையாகப் புரிந்துகொள்ளாது என்பதால், பாதியில் மாறினால் பழைய உழைப்பு பெரிதும் வீணாகும்.

என் மல்லிகைப் படத்தில் மொட்டின் அடியில் இருக்கும் இளம்பச்சை கடைசியில் திரும்பக் கிடைத்தது. நான்கைந்து இதழ்களில் மட்டும் மூன்று நிறங்களுமே நிரம்பியிருந்தன. அங்கே ஊகிக்க எதுவும் மிச்சமில்லை. மறுவாரம் அதே இடத்தில், ஒளியை ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தேன்.