சாவியில் மெர்சென் எண்ணைப் போடாதீர்கள்

இந்த வருடத்தில் இது மூன்றாவது. ஒரு நிறுவனத்தின் மென்பொருளைப் பாதுகாப்புத் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். தகவலை ரகசியமாகப் பூட்டும் ஆர்எஸ்ஏ முறைக்கான சாவியை உருவாக்கும் பகுதியை அங்கிருந்த தம்பி தானே எழுதியிருந்தார். அதில் வரும் இரண்டு பகா எண்களில் ஒன்று, 2-இன் 1279-ஆவது அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது. இந்த வடிவ எண்ணுக்குத்தான் மெர்சென் எண் என்று பெயர். “386 இலக்கம் சார், யாராலும் உடைக்க முடியாது” என்றார்.

அந்த இரண்டு பகா எண்களையும் பெருக்கி வருவதுதான் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடும் பப்ளிக் கீ. அவருடைய பப்ளிக் கீயை எடுத்து அந்த மெர்சென் எண்ணால் வகுத்தேன். மீதி பூஜ்யம். ஈவாக வந்தது அவர் ஒளித்துவைத்த இன்னொரு பகா எண். டீ வருவதற்குள் வேலை முடிந்தது.

அந்த எண் 1952-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைக்குத் தெரிந்த மெர்சென் பகா எண்கள் மொத்தமே 52தான். 52 முறை வகுத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். இரும எண்ணாக எழுதினால் 13,62,79,841 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு பூஜ்யம்கூட இல்லை. அழகுதான், எனக்கும் பிடிக்கும். இந்த வடிவ எண்களுக்கு பகா எண்தானா என்று வேகமாகச் சொல்லும் லூகாஸ்-லெமர் சோதனை இருப்பதால்தான் சாதனைப் பட்டியலில் அவையே முந்துகின்றன. ஆனால் அந்தச் செய்தி வந்த வாரம் “இனிமேல் பேங்க் எல்லாம் இதை வைத்துத்தானே பூட்டும்?” என்று எத்தனை பேர் கேட்டார்கள்! ஐயா, ஊருக்கே தெரிந்த எண்ணை வைத்து எதைப் பூட்டுவது?

பகா எண்கள் தீர்ந்துபோகுமோ என்ற பயமும் வேண்டாம். 1024 பிட் (இரும இலக்கம்) அளவில் சராசரியாக 710 எண்களுக்கு ஒன்று பகா எண். மொத்தம் எத்தனை என்றால், 1 போட்டு அதன் பக்கத்தில் 305 பூஜ்யம் போடுங்கள், அதற்கும் கொஞ்சம் மேலே.

அவ்வளவு இருந்தும் ஒரே எண்ணை இரண்டு கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. 2012-இல் ஆய்வாளர்கள் இணையத்திலிருந்த பப்ளிக் கீகளைத் திரட்டி மீ.பொ.கா கண்டார்கள். ஆமாம், பள்ளிக்கூடத்தில் படித்த அதே மீப்பெரு பொதுக் காரணி. இரண்டு சாவிகளில் ஒரே பகா எண் இருந்தால் இதில் அது வெளியே வந்துவிடும். சுமார் 64,000 கணினிகளின் ரகசியச் சாவிகள் வெளியே வந்தன. ரவுட்டர் மாதிரிக் கருவிகள் ஆன் செய்தவுடனே, போதிய ரேண்டம் (ஊகிக்க முடியாத தன்மை) சேர்வதற்குள், சாவி போட்டதுதான் முக்கியக் காரணம். 2017-இல் வேகத்துக்காக ஒரு குறிப்பிட்ட வடிவத்திலேயே பகா எண் தேடிய சிப்பால் எஸ்தோனியாவில் ஏழரை லட்சம் அடையாள அட்டைகள் சிக்கலில் மாட்டின.

தயவுசெய்து பகா எண்ணை நீங்களே தேடாதீர்கள். பலர் சோதித்த மென்பொருள் நூலகம் (லைப்ரரி) இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள். பகா எண்தானா என்று பார்க்க ஃபெர்மா சோதனை ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். 2-ஐ அடியாக வைத்தால் 341 அதில் தேறிவிடும், அது 11 பெருக்கல் 31. புதுக் கருவியில் முதல் நொடியிலேயே சாவி போடாதீர்கள். ஒரு கருவியின் சாவியை இன்னொன்றுக்கு நகலெடுக்காதீர்கள்.

இதையெல்லாம் எழுதி அறிக்கை கொடுத்தேன். நேற்று தம்பியிடமிருந்து திருத்தம் வந்தது. 1279-ஐ எடுத்துவிட்டு 2203 போட்டிருக்கிறார். அதுவும் அந்த 52-இல் ஒன்று.