மூணு ஃபைல், ஒரே நோய்

அம்மாவைப் பெத்த பாட்டிக்கு சுகர். ஆளு குச்சி மாதிரி ஒல்லி, ஆனாலும் சுகர். அம்மாவுக்கு நாப்பது வயசு ஆகுறதுக்குள்ளயே காது மந்தம், மெஷின் வெச்சாத்தான் பேசுறது கேக்குது. அம்மாவோட தம்பி, அதாவது மாமா, மாடி ஏறினா பாதியிலயே உக்காந்துடுவாரு, சின்ன வயசுலேர்ந்து "சுத்த சோம்பேறி"ன்னு பேர் வாங்கினவர். இப்போ பத்து வயசுப் பையனுக்கு ஒரு நாள் தலைவலி, வாந்தி, ஃபிட்ஸ், அடுத்த நாள் ஒரு பக்கமா பார்வை தெரியல, ஸ்கேன் எடுத்துப் பார்த்தா ஸ்ட்ரோக் வந்த மாதிரி இருக்கு, பத்து வயசுல ஸ்ட்ரோக்கா? இது நான் உதாரணத்துக்குக் கட்டின குடும்பம்தான், ஆனா இப்படிப்பட்ட குடும்பங்க நிஜமாவே இருக்கு. பாட்டி ஃபைல் சுகர் டாக்டர்கிட்ட, அம்மா ஃபைல் காது டாக்டர்கிட்ட, பையன் ஃபைல் நரம்பு டாக்டர்கிட்ட. மாமாவுக்கு ஃபைலே கிடையாது. நாலு பேருக்கும் அடியில ஓடுறது ஒரே கோளாறுதான்னு சொன்னா வீட்டுல யாரும் நம்ப மாட்டாங்க, ஆனா மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குள்ள கரண்ட் தயாரிக்கற குட்டி உறுப்பு, அதுல வர்ற நோய்ல இது ரொம்ப சாதாரணம்.

வீட்டுல லோ வோல்டேஜ் வந்தா என்ன ஆகும்னு பாருங்க. டியூப் லைட் மினுக்கும், ஃபேன் மெதுவா சுத்தும், ஃப்ரிட்ஜ் மோட்டார் உறுமிட்டு நின்னுடும், சின்ன நைட் லாம்ப் மட்டும் பேசாம எரிஞ்சுக்கிட்டு இருக்கும். ஃபேன் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டா அவர் ஃபேனைக் கழட்டிப் பார்ப்பாரு, ஃபேன்ல ஒண்ணும் இருக்காது. உடம்புலயும் அதே கதைதான். மூளை, கண் நரம்பு, காதுக்குள்ள இருக்கற மயிர்செல்கள், இதயம், தசை, இன்சுலின் சுரக்கற கணையச் செல், இதெல்லாம் கரண்ட்டை அள்ளிக் குடிக்கற ஐட்டங்க, சப்ளை குறைஞ்சா முதல்ல படுக்கறது இதுங்கதான். இதயத் தசைச் செல்லோட கொள்ளளவுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான்னா பாத்துக்கோங்க. ரத்தச் சிவப்பணுல ஒண்ணு கூட கிடையாது, அதுக்கு இந்தப் பிரச்சனையே இல்ல.

சரி, இந்த சப்ளை எப்படி நடக்குது? "செல்லின் ஆற்றல் நிலையம்"னு ஸ்கூல்ல ரெண்டு மார்க்குக்கு எழுதிட்டு அதோட விட்டுட்டோம், உள்ள நடக்கறது அதைவிட அழகு. சாப்பாட்டுலேர்ந்து உருவின எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவோட உள்சவ்வுல வரிசையா இருக்கற புரதக் கூட்டங்க வழியா கைமாறிக் கைமாறிப் போகும், கடைசியில அதை வாங்கிக்கறது நாம சுவாசிக்கற ஆக்சிஜன். அப்படிக் கைமாறும்போது கிடைக்கற சக்தியில புரோட்டான்களை சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கும். அணையில தண்ணி ஏத்தி வெக்கற மாதிரி. அந்த புரோட்டான்கள் திரும்பி உள்ள வர்றதுக்கு முக்கியமான வழி ஒரு குட்டி டர்பைன், அது நிஜமாவே சுத்தும், பேச்சுக்குச் சொல்லல, ஒரு செகண்டுக்கு நூறு சுத்துக்கு மேல கூட சுத்தக்கூடியது, ஒவ்வொரு முழு சுத்துக்கும் மூணு ஏடிபி, அதாவது செல் சக்திக்குச் செலவு பண்ற மூலக்கூறு, உருண்டு வரும். அணை மாதிரிதான் நடக்குதுன்னு சொன்ன பீட்டர் மிட்செலுக்கு 1978-ல நோபல், அந்த டர்பைன் எப்படி வேலை செய்யுதுன்னு சொன்ன பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் 1997-ல நோபல். உடம்புல ஒரு நேரத்துல கையிருப்பு இருக்கற ஏடிபி கிராம் கணக்குதான், ஆனா ஒரு நாள்ல செலவு பண்ணித் திரும்பத் திரும்பத் தயாரிக்கறது நம்ம எடை அளவுக்கு வரும். சேமிப்பே இல்லாத, அன்னாடம் சம்பாதிச்சு அன்னாடம் சாப்பிடற குடும்பம் மாதிரி. அதனாலதான் உற்பத்தி கொஞ்சம் தடுமாறினாலும் உடனே தெரிஞ்சுடுது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்துல தனியா சுத்திக்கிட்டிருந்த பாக்டீரியா, நூறு கோடி வருஷத்துக்கு மேல முன்னாடி இன்னொரு செல்லுக்குள்ள குடி வந்து அங்கயே தங்கிடுச்சு. லின் மார்குலிஸ் 1967-ல இதை எழுதினப்போ நிறைய பேர் ஏத்துக்கல, இன்னிக்கு இது பாடப்புத்தக விஷயம். குடி வந்தப்போ கொண்டு வந்த மூட்டை முடிச்சுல கொஞ்சத்தை இன்னும் கையிலயே வெச்சிருக்கு, அதான் அதுக்குன்னு தனியா ஒரு டிஎன்ஏ. செல்லோட உட்கருவுல இருக்கறது 300 கோடி எழுத்து, இதுல இருக்கறது வெறும் 16,569. வளையமா இருக்கும், மொத்தம் 37 ஜீன், அதுல 13 மட்டும்தான் புரதம் செய்யற குறிப்பு, அந்த 13-மே மேல சொன்ன புரோட்டான் தள்ளுற, டர்பைன் சுத்துற கூட்டத்துக்கான உதிரிபாகங்க. மிச்சம் ஆயிரத்துக்கும் மேல வேண்டிய புரதங்களை உட்கரு டிஎன்ஏதான் செஞ்சு அனுப்புது. ஆக, கோளாறு ரெண்டு இடத்துலேர்ந்தும் வரலாம், இதை மறந்துடாதீங்க. குழந்தைகளுக்கு வர்ற மைட்டோகாண்ட்ரியா நோய்கள்ல நிறைய உட்கரு ஜீன்ல இருக்கற பிழையாலதான், அதுல அம்மா அப்பா ரெண்டு பேர் பங்கும் இருக்கலாம்.

ஆனா நம்ம உதாரணக் குடும்பத்துல இருக்கறது அந்த 16,569 எழுத்துல 3243-ஆவது எழுத்து. ஏ இருக்க வேண்டிய இடத்துல ஜி. ஒரே ஒரு எழுத்து. அது மாறினதால லூசின்ங்கற அமினோ அமிலத்தை எடுத்துட்டு வந்து புரதத்துல கோக்கற வேலையாள் சரியா வேலை செய்யல, அந்த வேலையாள் இல்லாம 13 புரதத்துல ஒண்ணையும் ஒழுங்கா செய்ய முடியாது. மெலாஸ்னு சொல்ற ஸ்ட்ரோக் மாதிரி வர்ற நோயும் இதே எழுத்துதான், அம்மா வழியா வர்ற சுகர்-காது மந்தம் ஜோடியும் இதே எழுத்துதான். அப்போ ஒரே பிழை எப்படி ஒருத்தருக்கு சுகர், இன்னொருத்தருக்கு ஃபிட்ஸ்?

காரணம் கலப்படம். ஒரு செல்லுல இந்த வளைய டிஎன்ஏ நூத்துக்கணக்குல ஆயிரக்கணக்குல இருக்கு, எல்லாத்துலயும் பிழை இருக்கணும்னு இல்ல, சிலது நல்லது சிலது கெட்டது. கெட்டது 30 சதவீதம்னா நல்லதுங்க சேர்ந்து சமாளிச்சுடும், ஒண்ணும் தெரியாது. ஒரு அளவைத் தாண்டினா, பெரும்பாலும் 60, 70, 80-ன்னு பிழைக்கும் உறுப்புக்கும் ஏத்த மாதிரி, அப்பத்தான் செல் தள்ளாட ஆரம்பிக்கும். கருமுட்டை உருவாகும்போது ஒரு குலுக்கல் நடக்குது: அம்மாகிட்ட இருக்கற கலவையிலேர்ந்து கொஞ்சமே கொஞ்சம் பிரதிங்கதான் வருங்கால முட்டைக்குப் போகும், அப்புறம் அந்தக் கொஞ்சமே பெருகி லட்சத்தைத் தாண்டும். கறுப்பும் வெள்ளையும் கலந்த மணி நிறைஞ்ச சாக்குலேர்ந்து ஒரு பிடி அள்ளினா ஒரு தடவை வெள்ளையா வரும், ஒரு தடவை கறுப்பா வரும் இல்லையா, அது மாதிரி ஒரே அம்மாவுக்குப் பொறந்த அண்ணனுக்கு 10 சதவீதமும் தங்கச்சிக்கு 75-உம் வரலாம். ஒரே ஆளோட உடம்புலயே காதுல ஒரு அளவு, தசையில ஒரு அளவு. இன்னொரு கூத்து, இந்த 3243 பிழை ரத்தத்துல வயசாக வயசாக் குறைஞ்சுக்கிட்டே வரும், அதனால அம்மாவோட ரத்தத்தை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட முடியாது, சிறுநீர்ல வர்ற செல்லையோ தசையையோ பார்க்கணும்.

தசைன்னதும் ஒண்ணு சொல்லணும். தொடையிலேர்ந்து சின்னதா ஒரு துண்டு எடுத்து, மெல்லிசா சீவி, கோமோரிங்கற சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தா, பச்சை-நீலமா இருக்கற தசை நார்களுக்கு நடுவுல சிலது மட்டும் ஓரம் கிழிஞ்ச சிவப்புத் துணி மாதிரி தெரியும். அந்தச் சிவப்பு என்ன தெரியுமா, கரண்ட் பத்தலைன்னு செல் பதறிப்போய் மேல மேல செஞ்சு குவிச்ச மைட்டோகாண்ட்ரியா. குவிச்சும் பிரயோஜனம் இல்ல, பிழையான வளையத்துக்கே பிரதி எடுத்துக் குவிச்சா எப்படி கரண்ட் வரும். எல்லா வகை நோய்லயும் இது தெரியும்னு சொல்ல முடியாது, கரண்ட் பத்தாதப்போ சேருற லாக்டேட் ரத்தத்துல ஏறுறதும் அப்படித்தான், ஏறினா சந்தேகப்படலாம், ஏறலைன்னு விட்டுட முடியாது. இப்போல்லாம் நேரா ஜீன் டெஸ்ட்டுக்கே போறாங்க.

மைட்டோகாண்ட்ரியா கெட்டு ஒரு நோய் வரும்னு முதல்ல காட்டினது 1962-ல ஸ்வீடன்ல ரோல்ஃப் லுஃப்ட் குழு. அவங்க பார்த்த நோயாளி ஒரு பொம்பளை, அவங்களுக்கு எப்பவும் வேர்த்து ஊத்தும், எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு தேறாது, தைராய்டு பார்த்தா நார்மல். அவங்க அணையில ஓட்டை, புரோட்டான் டர்பைன் வழியா வராம கசிஞ்சு வெறும் சூடா வீணாச்சு. வளைய டிஎன்ஏவுல இருக்கற பிழையால நோய் வரும்னு கண்டுபிடிக்க 1988 ஆச்சு. இன்னிக்கு தோராயமா 5,000 பேர்ல ஒருத்தருக்கு ஏதோ ஒரு வகை மைட்டோகாண்ட்ரியா நோய்னு கணக்கு.

பெரும்பாலான வகைக்கு முழுசா குணமாக்கற மருந்து இல்ல, இதை மறைச்சுப் பேசறதுல அர்த்தமில்ல. சிலதுக்கு வழி இருக்கு: எலெக்ட்ரானைக் கைமாத்தி விடற கோஎன்சைம் க்யூ10-ங்கற பொருளை உடம்பே தயாரிக்க முடியாத வகைக்கு அதையே மாத்திரையா குடுக்கலாம், சீக்கிரம் ஆரம்பிச்சா பலன் இருக்கு. திடீர்னு கண் பார்வை போற லெபர் நோய்க்கு ஐடிபெனோன்னு ஒரு மருந்தை ஐரோப்பாவுல 2015-ல அனுமதிச்சாங்க. அதே 2015-ல பிரிட்டன் ஒரு சட்டம் போட்டுச்சு, அம்மாவோட முட்டையில இருக்கற உட்கருவை ஆரோக்கியமான இன்னொரு பெண்ணோட முட்டைக்கு மாத்தற சிகிச்சைக்கு அனுமதி குடுத்து, 2025-ல நியூகாசில் குழு அப்படிப் பொறந்த எட்டு குழந்தைகளைப் பத்தி அறிவிச்சாங்க. "மூணு பெத்தவங்க குழந்தை"ன்னு தலைப்பு போட்டாங்க எல்லாரும், எனக்கு அது எரிச்சல்தான், அந்த மூணாவது ஆள் குடுத்தது 37 ஜீன், அம்மா அப்பா குடுத்தது இருபதாயிரம். தவிர இது இனி பொறக்கப் போறவங்களுக்குத்தான், ஏற்கெனவே நோயோட இருக்கறவங்களுக்கு இதால ஒண்ணும் இல்ல.

மருந்து இல்லைன்னா கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க. எந்த மருந்தைக் குடுக்கக் கூடாதுன்னு தெரியும், அது போதாதா? போல்ஜிங்கற உட்கரு ஜீன்ல பிழை இருக்கற குழந்தைக்கு ஃபிட்ஸ்க்கு வழக்கமா குடுக்கற வால்ப்ரோயேட் குடுத்தா கல்லீரலே செயலிழந்து போகலாம். வளைய டிஎன்ஏவுல 1555-ஆவது எழுத்து மாறினவங்களுக்கு ஜென்டாமைசின் மாதிரி ஊசி போட்டா நிரந்தரமா காது போயிடலாம், ஏன்னா அந்த ஊசி பாக்டீரியாவோட புரதத் தொழிற்சாலையைத் தாக்கற மருந்து, நம்ம மைட்டோகாண்ட்ரியா பழைய பாக்டீரியா, அந்த ஒரு எழுத்து மாறினதுல அதோட தொழிற்சாலை பழைய முகத்தைக் காட்டுது, மருந்தும் எதிரின்னு நெனச்சு அடிச்சுடுது. அப்புறம் காய்ச்சல் வந்தா, சாப்பிடாம இருந்தா, ஆபரேஷன்னு வந்தா, இவங்களுக்கு சட்டுன்னு நிலைமை மோசமாகலாம், முன்னாடியே தெரிஞ்சா டாக்டர் தயாரா இருப்பாரு.

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் மூணாவது வாரம் இந்த நோய்க்கான விழிப்புணர்வு வாரம், நிறைய ஊர்கள்ல கட்டடங்களுக்குப் பச்சை விளக்கு போடுவாங்க. போடட்டும். அந்த வாரத்துல நம்ம வீட்டுல பண்றதுக்கும் ஒரு வேலை இருக்கு: டாக்டர் "குடும்பத்துல யாருக்காவது இருக்கா"ன்னு கேட்டா, அதே நோய் யாருக்கு இருக்குன்னு மட்டும் யோசிக்காம சுகர், காது, ஃபிட்ஸ், தசைத் தளர்ச்சி, சின்ன வயசுலயே பார்வை போனதுன்னு எல்லாத்தையும் சொல்லுங்க. இதுல நம்ம மொழி பாதி வேலையை முடிச்சே வெச்சிருக்கு, இங்கிலீஷ்ல ஆன்ட்டி, அங்கிள்னு போய்டும், நமக்கு உறவுமுறைப் பேரைச் சொன்னாலே எந்த வழின்னு தெரியும். வளைய டிஎன்ஏ பிழைன்னா பெரியம்மா, சித்தி, அவங்க பிள்ளைங்க எல்லாரையும் பார்க்கணும், அத்தையையும் சித்தப்பாவையும் விட்டுடலாம். மாமாவுக்கும் டெஸ்ட் பண்ணணும், ஆனா அவர் பிள்ளைங்களுக்கு அது போகாது, விந்தணு கொண்டு வர்ற மைட்டோகாண்ட்ரியாவை முட்டை வெச்சுக்கறதில்ல. மாமா பேர்ல இப்பத்தான் முதல் ஃபைல் போடப் போறாங்க, முதல் பக்கத்துல எழுத வேண்டியது: "சின்ன வயசுலேர்ந்தே மாடி ஏற முடியல."