மூக்கில் அடிபட்ட பிள்ளைக்கு எக்ஸ்ரே மட்டும் போதாது

ஒன்பது வயதுப் பையன். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது மட்டை மூக்கில் பட்டுவிட்டது. சில்லுமூக்கு உடைந்து ரத்தம் கொட்டி, பத்து நிமிடத்தில் நின்றிருக்கிறது. அன்றே எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளிலிருந்து மூக்கடைப்பு. சளிதான் என்று நினைத்து அம்மா மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார். நான்காம் நாள் காய்ச்சலோடு என்னிடம் வந்தபோது பையன் வாயால்தான் மூச்சு விட்டான். மூக்கைத் தொடவே விடவில்லை.

சமாதானம் சொல்லி, நுனியைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கி வெளிச்சம் அடித்தேன். இரண்டு துளையிலும் நாவற்பழத்தைச் செருகி வைத்தாற்போல வழவழப்பான வீக்கம். பஞ்சுக் குச்சியால் தொட்டால் மெத்தென்று அமுங்கியது.

மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரின் பின்பகுதி எலும்பு. முன்பகுதி, காதுமடல்போல வளையும் குருத்தெலும்பு. அதற்கென்று சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. இருபுறமும் ஒட்டியிருக்கும் சவ்விலிருந்து ஊறி வரும் ஊட்டத்தில்தான் அது பிழைக்கிறது. அடிபட்டு அந்தச் சவ்வு பிரிந்து, இடையில் ரத்தம் தேங்கிவிட்டால் குருத்தெலும்பு பட்டினி கிடக்கும். இரண்டு மூன்று நாளில் அழியத் தொடங்கும். தேங்கிய ரத்தத்தில் கிருமி சேர்ந்து சீழ் பிடித்தால் அழிவு இன்னும் வேகம். மூக்குத் தண்டைக் கீழிருந்து தாங்குவது இந்தச் சுவர்தான். அது கரைந்தால் தண்டு குதிரைச் சேணம்போலக் குழிந்துவிடும். அரிதாக, சீழின் கிருமி ரத்தநாளங்கள் வழியே மூளைப் பக்கம் பரவுவதும் உண்டு.

குருத்தெலும்பும் இந்த ரத்தக்கட்டும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரு வரியை நம்பி எத்தனை பெற்றோர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. உள்ளே ஒரு டார்ச் அடித்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

நீங்களும் வீட்டில் பார்க்கலாம். பிள்ளையின் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பாக மெல்லிய சுவர், இரண்டு பக்கமும் காற்றுப் போக இடம் இருக்க வேண்டும். சுவர் உப்பி வழியை அடைத்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் என்றாலும், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் நாள் ஒன்றும் தெரியாமல் பிறகு வீங்குவதும் உண்டு. அதனால் மூன்று நாள் வரை தினமும் பாருங்கள். அடைப்பும் வலியும் கூடிக்கொண்டே போனால், உங்கள் கண்ணுக்கு ஒன்றும் படாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

"தண்டு வளைந்திருக்கும், அதான் அடைப்பு" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் தண்டு என்று சொல்வது நடுச்சுவரைத்தான். அது கொஞ்சம் வளைந்திருப்பது நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு; தொந்தரவு தராதவரை அதற்கு வைத்தியமே வேண்டாம். வளைவு என்றால் ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் குழிந்திருக்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும். ரத்தக்கட்டு மெத்தென்று இருக்கும், பெரும்பாலும் இரு பக்கமும் உப்பும். சொட்டு மருந்து விட்டாலும் சுருங்காது.

ரத்தம் வரும்போது பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். உட்கார வைத்து, தலையை முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்திருங்கள். நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

முதல் நாளே வந்திருந்தால் சிறு கீறல் போட்டு ரத்தத்தை வெளியேற்றி, மறுபடி தேங்காமல் பஞ்சு வைத்து அடைத்து அனுப்பியிருப்பேன். நான்காம் நாள் என் கைக்கு வந்தது சீழ். மயக்க மருந்து கொடுத்து அதை எடுத்தோம், ஊசி மருந்தோடு சில நாள் வார்டில் வைத்திருந்தோம். பையன் தேறிவிட்டான். தண்டின் நடுவில் விரல் வைத்தால் மட்டும் ஒரு பள்ளம் தட்டுப்படுகிறது. அதை முழுதாகச் சரிசெய்ய மூக்கின் வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும், இன்னும் ஏழெட்டு வருடம்.