கோழிக்குஞ்சு கொடுக்கிறார்களாம்: பெயர் கொடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

வருடத்தில் ஒரு தடவையாவது இந்தக் கதை ஊருக்குள் வரும். "கோழிக்குஞ்சு குடுக்கப் போறாங்களாம், ஜீ.எஸ்.இட்டப் பேர் குடுக்கட்டாம்." கேட்டவுடன் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்துவிடுவோம். யார் கொடுக்கிறார்கள், எத்தனை குஞ்சு, எந்த வயது, கூடும் தீனும் சேர்த்தா குஞ்சு மட்டுமா என்று கேட்பவர்கள் குறைவு. குஞ்சு வந்திறங்கிய அன்று பின்னேரம்தான் கூடு அடிக்கப் பலகை தேடுவோம். முதன்முதலாகக் கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு நட்டம் வருவது பெரும்பாலும் தொடக்கத்து நாட்களில்தான். அதனால் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இந்த உதவி எந்த வழியால் வருகிறது, எதை யாரிடம் கேட்கலாம், குஞ்சு கைக்கு வருமுன் வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உதவி வரும் வழி

கால்நடை விடயம் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகளுக்கு வந்தது. ஆகவே நமக்கு முதல் வாசல் கிழக்கு மாகாணக் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம். ஊரில் அந்தத் திணைக்களத்தைப் பார்ப்பது கால்நடை வைத்திய அலுவலகத்தில். மிருக வைத்தியர் கந்தோர் என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். அங்கே வைத்தியரும், கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்களும் இருப்பார்கள். மாகாணத்துக்கு வரும் அபிவிருத்தி நிதியில் சில வருடங்களில் குஞ்சுகள் இவர்கள் மூலம் கொடுக்கப்படுகின்றன.

இரண்டாவது வாசல் பிரதேச செயலகம். சமுர்த்தி வாழ்வாதார உதவி, அமைச்சுகளின் வேலைத்திட்டங்கள், பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி எல்லாம் இந்த வழியால் வரும். தொண்டு நிறுவனம் கொடுத்தாலும் பயனாளிப் பட்டியல் பெரும்பாலும் பிரதேச செயலகத்தைத் தொட்டுத்தான் போகும். இங்கே நீங்கள் பேச வேண்டியவர்கள் கிராம உத்தியோகத்தர் (ஜீ.எஸ்.), சமுர்த்தி அபிவிருத்தி உத்தியோகத்தர், பொருளாதார அபிவிருத்தி உத்தியோகத்தர்.

முக்கியமான விடயம், இது வருடா வருடம் ஒரே மாதிரி ஓடும் ஒரு திட்டம் இல்லை. நிதி மாறும், நிபந்தனை மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன வருடம் கூடும் தீனும் சேர்த்துக் கிடைத்திருக்கலாம். இந்த வருடத் திட்டத்தில் குஞ்சு மட்டும் இருக்கலாம், அல்லது விலையில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டியிருக்கலாம். ஆகவே பெயர் கொடுக்கும்போதே கேளுங்கள்: எந்த நிதி, எத்தனை குஞ்சு, எத்தனை நாள் வயது, தடுப்பூசி போட்ட குஞ்சா, நான் போட வேண்டிய பங்கு எவ்வளவு. இதைக் கேட்பது உத்தியோகத்தரோடு சண்டைக்குப் போவது ஆகாது. அவருக்கும் கூடு தயாராக இருக்கிற வீட்டுக்குக் கொடுப்பதுதான் நல்லது.

2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும காசு உதவி வேறு, இந்த வாழ்வாதார உதவி வேறு. அஸ்வெசும வருகிறது என்பதற்காகக் குஞ்சு தானாக வராது. அஸ்வெசும இல்லை என்பதற்காக எல்லாத் திட்டத்திலும் வாசல் மூடியிருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். வழக்கமாகப் பார்ப்பது குறைந்த வருமானம், பெண் தலைமை தாங்கும் குடும்பம், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பம், கூடு வைக்க வளவு உண்டா, அண்மையில் வேறு வாழ்வாதார உதவி கிடைத்ததா என்பவை. அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் சிபார்சு, இவை மூன்றையும் ஒரு கோவையில் போட்டு வைத்திருந்தால் அவசரத்தில் ஓட வேண்டியதில்லை. விண்ணப்பம் கொடுத்தால் ஒரு பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். எங்காவது காசு கட்டச் சொன்னால் பற்றுச்சீட்டு கேளுங்கள். பற்றுச்சீட்டு தராமல் கேட்கிற காசு திட்டத்துக்குரிய காசு அல்ல. அதை முறையிட இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கம் இருக்கிறது.

இன்னும் இரண்டு உரிமைகள் நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்தாதவை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. அம்பாறை மாவட்டத்தில் சிங்களப் படிவம் நீட்டப்பட்டால் தமிழ்ப் படிவம் கேட்கலாம், தமிழில் கடிதம் கொடுக்கலாம், தமிழில் பதிலும் எதிர்பார்க்கலாம். மற்றது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்த அடிப்படையில் பயனாளிகளைத் தெரிவு செய்தீர்கள், எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். "எனக்கு ஏன் தரவில்லை" என்று வாசலில் நின்று சத்தம் போடுவதை விட அந்த ஒரு பக்கக் கடிதத்துக்குப் பலம் அதிகம்.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும்

நான் இதில் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். இலவசக் குஞ்சு சிலருக்குத்தான் கிடைக்கும். மிருக வைத்தியர் கந்தோரின் சேவை எல்லாருக்கும் உண்டு. சந்தையில் காசு கொடுத்து வாங்கிய ஐந்து ஊர்க்கோழி வைத்திருப்பவரும் அங்கே போகலாம், ஆலோசனை கேட்கலாம், பயிற்சி வகுப்பு எப்போது என்று விசாரிக்கலாம், பண்ணையைப் பதியலாம், தடுப்பூசிக்குச் சொல்லி வைக்கலாம். மாடு வைத்திருப்பவர்கள் போகிற இடம் என்று ஒதுங்கி நின்றுவிடுகிறோம். ஒரு வளவுக் கோழிக் கூட்டத்தையே ஒரு கிழமையில் அழிக்கக்கூடிய ராணிக்கெட் நோய்க்கு வந்த பிறகு மருந்தில்லை. வருமுன் போடுகிற தடுப்பு மருந்து ஒன்றுதான் வழி.

அந்த மருந்து நாட்டிலேயே, பொல்கொல்லையில் உள்ள அரச ஆய்வுகூடத்தில் தயாராகிறது. சிக்கல் என்னவென்றால் ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கு அளவான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை வைத்து நாளைக்குப் போட முடியாது. பத்துக் கோழிக்காக ஒரு குப்பியை உடைக்கப் போதனாசிரியர் தயங்குவது இதனால்தான். தெருவில் பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து, எங்களிடம் மொத்தம் இத்தனை கோழி, இன்ன நாள் காலையில் கூட்டை விட்டு வெளியே விடாமல் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் வேலை நடக்கும். மாதர் சங்கமோ சமுர்த்திச் சங்கமோ இந்த ஏற்பாட்டைச் செய்தால் மிக நல்லது.

மருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் வர வேண்டும். கண்ணில் ஒரு சொட்டு விட்டு, குஞ்சு கண்ணைச் சிமிட்டி அது உள்ளே போகும்வரை பிடித்திருப்பார்கள். தண்ணீரில் கலந்து கொடுக்கிற மருந்தானால் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள குளோரின் மருந்தைக் கெடுத்துவிடும், கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். முதல் தடவை குஞ்சின் முதல் கிழமையை ஒட்டி, பிறகு மூன்று நான்கு கிழமையில், அப்புறம் சில மாதங்களுக்கு ஒருமுறை என்று போகும். சரியான நாட்களை வைத்தியரிடம் கேட்டுக் கலண்டரில் குறித்துவிடுங்கள்.

குஞ்சு வருமுன்

முதலில் வயது. பெரும்பாலும் மாதக் குஞ்சு கேளுங்கள். ஒரு நாள் குஞ்சு விலை குறைவு, ஆனால் தாய் இல்லாத அந்தக் குஞ்சுக்கு முதல் கிழமை 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டு வர வேண்டும். இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. இப்போது எல்லார் வீட்டிலும் எரிவது எல்.ஈ.டி. பல்ப். அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய மாதிரி இழை எரியும் 60 வாட் பல்ப் ஒன்றைத் தேடி வாங்கி, மட்டையால் வட்டமாகத் தடுப்புப் போட்டு, அதற்குள் ஒரு முழ உயரத்தில் தொங்கவிட வேண்டும். சூடு சரியா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்தால் குளிர், பல்பைக் கீழே இறக்குங்கள். ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது. வட்டம் முழுக்கப் பரவித் தின்றுகொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம். மின்சாரம் இல்லாத இடத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வைப்பவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கீழே கிடப்பது உமி, சட்டென்று பற்றும்.

குஞ்சை வாங்கும் இடத்திலேயே கையில் எடுத்துப் பாருங்கள். கண் பளிச்சென்று இருக்க வேண்டும், கால் நேராக நிற்க வேண்டும், ஒரு நாள் குஞ்சானால் தொப்புள் காய்ந்து மூடியிருக்க வேண்டும், பின்பக்கம் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் முதலில் தண்ணீர், கொஞ்ச நேரம் கழித்துத் தீன். இரவில் கழுத்தடியிலுள்ள தீன்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் குஞ்சு தின்னப் பழகிவிட்டது. வெறுமையாக இருந்தால் அதன் சொண்டைத் தண்ணீரில் ஒருமுறை தோய்த்துக் காட்ட வேண்டும்.

கூட்டுக்கு வருவோம். அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. காசு விடுவிக்கப்பட்டு, கேள்விப்பத்திரம் கோரி, குஞ்சு வாங்கி முடிய வருடக் கடைசி ஆகிவிடுவது உண்டு. நமக்கு அது நடு மாரி. படுவான்கரையில் வயலும் வளவும் ஒன்றாக நிற்கிற காலம். எனவே திட்டம் எப்போது கொடுத்தாலும் கூட்டை மாரிக்குக் கட்டுங்கள். நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்திய கால்கள், சாரல் அடிக்காத அளவுக்கு இறக்கிய கூரை, ஒரு பக்கமாவது காற்றோட்டத்துக்கு வலை. கிடுகு போதும், தகரம் போட்டால் அதன்மேல் கிடுகைப் போடுங்கள், கோடையில் வெந்துவிடும். வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கீரியும் மரநாயும் நாம் நினைப்பதை விடச் சின்ன ஓட்டையால் வரும். நிலத்தில் வளர்ப்பதானால் உமியை இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். நெல் ஆலைக்குப் பஞ்சமில்லாத மாவட்டங்கள் இவை, உமி கிடைக்கும். நனைந்த உமியை அன்றே அள்ளுங்கள். மாரியில் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வருவது அந்த ஈரத்தால்தான். முட்டைக் கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி இடம் கணக்கு வையுங்கள். காத்தான்குடி, கல்முனை போல வீடும் வீடும் ஒட்டிய இடங்களில் நான்கைந்து கோழியோடு நிறுத்திக்கொள்வது அயலுக்கும் நல்லது.

தீன் கணக்கு

திட்டங்களில் அதிகம் மறைந்திருக்கும் செலவு இது. கலப்பின முட்டைக் கோழி முட்டையிடத் தொடங்க 18 முதல் 20 கிழமை ஆகும். மாதக் குஞ்சாக வாங்கினால் முதல் முட்டை வரை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு கிலோ தின்னும். பத்துக் கோழிக்கு 60 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டையில் இரண்டரை. இந்த நான்கு மாதமும் ஒரு சதம் வரவு இல்லை. திட்டத்தில் ஒரு மூட்டை தீன் தந்தாலும் மிச்சம் உங்கள் கைக்காசு. முட்டையிடத் தொடங்கிய பின் நாளுக்குக் கோழி ஒன்றுக்கு 110 கிராம் அளவு. பத்துக் கோழிக்கு ஒரு மூட்டை மூன்று கிழமைக்குக் கொஞ்சம் மேலே போகும்.

குறுணல், தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, மீன் கழிவு, முருங்கை இலை இவற்றால் செலவைக் குறைக்கலாம். ஆனால் கலப்பினக் கோழியை இவற்றிலேயே விட்டால் முட்டை நின்றுவிடும். முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். வாவிக்கரை ஊரியை (சிப்பி ஓட்டை) இடித்துத் தனிப் பாத்திரத்தில் வைத்தால் தேவையானதைத் தானே கொத்தும். குஞ்சுத் தீன், வளரும் தீன், முட்டைத் தீன் மூன்றும் வேறு வேறு, குஞ்சுக்கு முட்டைத் தீன் போடாதீர்கள்.

தீன் செலவுக்குக் கையில் காசு இல்லாத குடும்பம் ஊர்க்கோழியையே கேட்பது நல்லது என்பது என் எண்ணம். அது பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும், கலப்பினம் போல வருடத்துக்கு 280, 300 என்று தராது. ஆனால் வளவில் மேய்ந்து பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும், 21 நாளில் தானே குஞ்சு பொரிக்கும். கலப்பினத்தைத் திட்டம் தந்தால் முட்டை குறைந்த பின் அடுத்த தொகுதிக்கு மறுபடி காசு வேண்டும். கடன் தேவைப்பட்டால் சமுர்த்தி வங்கியில் உறுப்பினராக இருப்பவர்கள் சுயதொழில் கடனைப் பற்றி முதலில் அங்கே கேட்கலாம்.

வீட்டளவில் வளர்க்க அனுமதிப்பத்திரம் என்று ஓட வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கில் போகும் எண்ணம் இருந்தால், கொட்டில் கட்டுமுன் பிரதேச சபையிலும் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் கேளுங்கள். சுற்றாடல் அனுமதிப்பத்திரம் வேண்டிய அளவுகள் உண்டு. கட்டிய பிறகு மணம் பற்றி அயலவர் முறைப்பாடு செய்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார்.

கோழி ஒன்றிரண்டு திடீரென்று செத்தால் ஆற்றிலோ குளத்திலோ வீச வேண்டாம், அவசரமாக அறுத்துக் கறிக்கும் கொடுக்க வேண்டாம். செத்த கோழியைப் பொலித்தீன் பையில் கட்டி, அன்றே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள், அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்லக்கூடும். தொற்றுநோய் என்ற சந்தேகம் வந்தால் அறிவிக்க வேண்டியது 1992ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டத்தின்படி வளர்ப்பவரின் கடமையும்கூட. உங்கள் பிரிவின் அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.