தொலைச்செயல் அழைப்பு: ஆர்பிசி என்ற சொல்லின் கதை

கணக்கு.கழி(500) என்று நிரலில் ஒரு வரி: கணக்கிலிருந்து 500-ஐக் கழி என்று பொருள். அந்தச் செயல் இதே நினைவகத்தில் ஓடுகிறதா, வலையமைப்பில் எங்கோ இருக்கும் இன்னொரு கணினியில் ஓடுகிறதா? வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படித் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ‘ரிமோட் புரொசீஜர் கால்’, சுருக்கமாக ஆர்பிசி, என்பதன் நோக்கமே.

கருத்து பெயரைவிட மூத்தது. 1976-இலேயே ஜேம்ஸ் வைட் எழுதிய ஆர்எஃப்சி 707-இல் (ஆர்எஃப்சி என்பது கணினி வலையமைப்பு பற்றிய ஆவணத் தொடர்) இது இருக்கிறது. பெயரை நிலைநாட்டியவர் புரூஸ் நெல்சன். 1981-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த முனைவர் ஆய்வேட்டின் தலைப்பே இதுதான். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இதை எப்படிக் கட்டினோம் என்று 1984-இல் அவரும் ஆண்ட்ரூ பிரெல்லும் எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் வரும் ‘ஸ்டப்’ என்ற சொல்லை இன்றும் நாம் விடவில்லை.

ஸ்டப் என்றால் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. மரம் வேறெங்கோ, இங்கே நிற்பது கட்டை மட்டும். நாம் கொடுக்கும் மதிப்புகளை இது பொதி கட்டி அனுப்பும். எதிர்முனைக் கட்டை பொதியைப் பிரித்து, உண்மையான செயலை ஓட்டி, விடையை அதே வழியில் திருப்பும். இப்படிக் கட்டுவதை ஆங்கிலத்தில் ‘மார்ஷலிங்’ என்பார்கள்; அதற்குப் ‘பொதி கட்டுதல்’ கச்சிதம். ‘அணிவகுத்தல்’ என்றால் ராணுவ வாசனை வந்துவிடுகிறது.

சரி, முழுப் பெயருக்குத் தமிழ்? ‘தொலைநிலைச் செயல்முறை அழைப்பு’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் நீளம். தவிர ‘செயல்முறை’யை ‘புராசஸ்’ (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்பதற்கும் பயன்படுத்துவதால் குழப்பம் வேறு. ‘தொலைச்செயல் அழைப்பு’ போதும் என்பேன்.

இதில் எனக்குப் பிடித்தது ‘தொலை’. ஆங்கிலத்து ‘ரிமோட்’ தூரத்தை மட்டும் சொல்கிறது. தமிழில் தொலைவும் உண்டு, தொலைந்துபோவதும் உண்டு. கழி(500) போனது, விடை வரவில்லை. கேட்டதே போய்ச் சேரவில்லையா, நடுவில் எதிர்முனை விழுந்ததா, பணத்தைக் கழித்த பிறகு விடை மட்டும் தொலைந்ததா? அழைத்தவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். மறுபடி அழைத்தால் இரண்டு முறை கழியலாம். அதனால்தான் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, ‘இதை ஏற்கெனவே முடித்துவிட்டேன்’ என்று எதிர்முனை சொல்லும்படி எழுதுகிறோம். அருகிலுள்ள பொருளையும் தொலைவிலுள்ள பொருளையும் ஒன்றாக நடத்தாதீர்கள் என்று சன் நிறுவனத்தில் ஜிம் வால்டோவும் சகாக்களும் 1994-இலேயே எழுதினார்கள்.

வேகமும் அப்படித்தான். ஒரே தரவு மையத்துக்குள் போய்வர அரை மில்லிநொடி என்று வையுங்கள். அந்த அழைப்பை ஒரு சுற்றுக்குள் (லூப்) போட்டு 1,000 பொருள்களுக்கு ஒவ்வொன்றாக விலை கேட்டால் அரை நொடி அதற்கே போய்விடும். மொத்தமாக ஒரே அழைப்பில் கேட்க வேண்டியது.

ஆகவே ஒரு மென்பொருளைத் தனித்தனிச் சேவைகளாகப் பிரிக்கும்போது, ‘அழைப்பு’ என்ற சொல்லையே ஒரு முறை உரசிப் பாருங்கள். விடைக்காக நிற்க வேண்டுமா? வேண்டும் என்றால், இரு முனையும் உங்கள் கையில் இருந்தால், 2015-இல் கூகுள் வெளியிட்ட ஜிஆர்பிசி என்ற ஆர்பிசி கருவி போன்றது நல்ல தேர்வு. பொதி சிறியது, எதைக் கேட்கலாம், என்ன விடை வரும் என்ற ஒப்பந்தமும் கறார். வெளியார் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் ரெஸ்ட் (வலை முகவரிகள் வழியாகத் தரவைக் கேட்கும் முறை) எளிது, உலாவியிலேயே சோதிக்கலாம். விடைக்காக நிற்க வேண்டாம் என்றால் அது அழைப்பே இல்லை, அஞ்சல்; செய்தி வரிசையில் (மெசேஜ் கியூ) போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். மின்னஞ்சல் அனுப்பும் சேவையை ஆர்பிசியில் கட்டி, அது படுத்ததால் பதிவுப் பக்கமே நின்றுபோன அனுபவம் எனக்கு உண்டு.

பேச்சில் ஆர்பிசி ஆர்பிசியாகவே இருக்கட்டும். எழுதும்போது முதல் முறை ‘தொலைச்செயல் அழைப்பு’ என்று போட்டு, அப்புறம் சுருக்கத்துக்குப் போகலாம்.