மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்: சிறுநீரகத்தில் என்ன நடக்கிறது?

அம்லோடிபின், டெல்மிசார்டன், கூடவே ஒரு நீர் மாத்திரை. மூன்றையும் முழு அளவில், ஒரு நாள் விடாமல் போட்டும் பிரஷர் 140/90-க்குக் கீழே வரவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத ரத்தக் கொதிப்பு. "தலை சுத்தல, நல்லாத்தான இருக்கு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு முகாமில் 170 காட்டுகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பஸ்ஸில் இறங்கி வேர்க்க வேர்க்க வந்து, டீ குடித்த கையோடு அளந்தவர்களும் வரமாட்டார்கள்.

வீட்டில் அளப்பதே நல்லது. முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, காலையில் இரண்டு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை என ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி பாருங்கள். அது 135/85-ஐத் தாண்டி நின்றால் நான்காவது மாத்திரைக்கு முன் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும்.

குளத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பது மறுகாலின், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகும் இடத்தின், உயரத்தைப் பொறுத்தது. வரத்து கூடினால் மறுகால் கூடுதலாகப் பாயும். மட்டம் கொஞ்சம்தான் ஏறும். மறுகாலில் பலகை போட்டு உயர்த்தினால் குளமே மேலே ஏறி நிற்கும். சிறுநீரகத்துக்கும் இந்தக் கணக்குதான். பிரஷர் ஏறினால் அது கூடுதல் உப்பையும் நீரையும் வெளியே தள்ளி, பிரஷரை இறக்கிவிடும். பழுதான சிறுநீரகத்தில் அந்த மட்டம் உயர்ந்துபோகிறது. அன்றாடம் தின்கிற உப்பை வெளியேற்ற 120 போதாமல் 160 தேவைப்படுகிறது. ரத்தக் குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துப் பழைய மட்டத்துக்கே திரும்பப் பார்க்கும். நீர் மாத்திரை சேராத கூட்டு பெரும்பாலும் தோற்பது இதனால்தான்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது ரத்தத்தை வடிகட்டும் வளைந்த நுண்குழாய்கள், உண்டு. இரண்டு சிறுநீரகமும் ஒரு நாளில் வடிகட்டுவது ஏறத்தாழ 180 லிட்டர். அதில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ உப்புக்கு ஈடான சோடியம் கரைந்திருக்கும். 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சப்படுகிறது: முதல் வளைவில் மூன்றில் இரண்டு பங்கு, அடுத்த கொண்டை ஊசி வளைவில் கால் பங்கு, அதன்பின் ஐந்து முதல் ஏழு சதவீதம். கடைசிக் குழாயில் மிஞ்சுவது இரண்டு மூன்று சதவீதம்தான். ஆனால் அடங்காத பிரஷரின் விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அந்த இடத்தில் சோடியத்தை உள்ளே இழுத்து, பொட்டாசியத்தை வெளியே விடுகிறது.

இந்த ஆல்டோஸ்டிரோனைத் தூண்டுவதும் சிறுநீரகமே. தன்னிடம் வரும் ரத்தம் குறைந்ததாக உணர்ந்தால் அது ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். ரெனினின் வேலையால் ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் உருவாகும். அது குழாய்களை இறுக்கி, அட்ரீனலையும் முடுக்கும். 1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் கண்டது இந்த ரெனினைத்தான். 1934-இல் கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெருக்கி, நிலைத்து நிற்கும் ரத்தக் கொதிப்பை உண்டாக்கிக் காட்டினார்.

மனிதரிலும் அந்தத் தமனி சுருங்குவதுண்டு: வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிந்து, இளம்பெண்களுக்குத் தமனி அழற்சியால். எனாலாபிரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை தொடங்கியபின், சிறுநீரகம் கழிக்க வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் இதைச் சந்தேகித்து டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மூன்று மருந்துக்கு மேல் எதைச் சேர்ப்பது என்பதற்கு 2015-இல் பிரிட்டனில் வந்த பாத்வே-2 ஆய்வு தெளிவான பதில் தந்தது: ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன், 25 முதல் 50 மில்லிகிராம். இதைத் தொடங்குவதற்கு முன்பே ஆல்டோஸ்டிரோன்-ரெனின் விகிதம் பார்த்துவிடுவது நல்லது. அட்ரீனலிலேயே கட்டி இருந்தால் வைத்தியம் வேறு. இந்த மாத்திரையின் ஆபத்து பொட்டாசியம் ஏறுவது. ஓரிரு வாரத்தில் ரத்தம் எடுத்துப் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்காமல் தொடரவே கூடாது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. இந்த மாத்திரை போடுபவர்களும் சிறுநீரகம் கெட்டவர்களும் அதைத் தொடக்கூடாது. தினம் இளநீர் குடிப்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நீர் மாத்திரையிலும் தவறு நடக்கிறது. ஃபுரோசமைடு சுமார் ஆறு மணி நேரம் வேலை செய்யும். மீதி நேரம் சிறுநீரகம் விட்ட உப்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். காலையில் ஒன்று மட்டும் போட்டால் பிரஷருக்குப் பயன் குறைவு. குளோர்தாலிடோன் ஒரு நாளுக்கு மேல் நிற்கும். சிறுநீரகம் வடிகட்டும் வேகம் (eGFR) 30-க்குக் கீழே போனவர்களுக்கும் அது பலன் தருவதை 2021-இல் வந்த ஆய்வு காட்டியது. அம்லோடிபினால் கால் வீங்கினால் அதற்கு நீர் மாத்திரை சரிப்படாது. அது நுண்குழாய்க் கசிவு.

உப்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராம், ஒரு டீஸ்பூன். பழைய சோற்றுக்கு மோர் மிளகாய், சொதிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய், ராத்திரிக்கு உவரிக் கருவாடு என்று போனால் சமையல் உப்பைச் சேர்க்காமலே வரம்பு நெருங்கிவிடும். உண்மை அளவு தெரிய 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை போதும்: காலையில் வரும் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் வரும் முதல் சிறுநீர் வரை எல்லாவற்றையும் ஒரே கேனில் சேர்க்க வேண்டும். சோடியம் 200 மில்லிமோல் வந்தால் சுமார் பன்னிரண்டு கிராம் உப்பு உள்ளே போயிருக்கிறது. அந்த நிலையில் எந்த மாத்திரையும் திணறும்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் பெண்களுக்கு முதுகுவலி தீராது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், சிறுநீரகத்தின் குழாய்களை விரித்துவைக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்து, உப்பைத் தேக்கி, பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். டெல்மிசார்டன், நீர் மாத்திரை இரண்டோடும் அது சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். பிரஷர் சீட்டைக் காட்டாமல் வலி மாத்திரை வாங்கக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை.

சித்திரை வெயிலில் வாந்தி பேதி கண்டால் டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன், நீர் மாத்திரை மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று அன்றே மருத்துவரைக் கேளுங்கள். சாப்பாடும் தண்ணீரும் வழக்கம்போல் இறங்கத் தொடங்கி ஓரிரு நாளில் திரும்பத் தொடங்கும்போது கிரியாட்டினின் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.